வீட்டுக்கு உயில், உயிலுக்கு அறங்காவலர்

ஈப்போ: தோட்டத்தை விட்டு வெளியேறி, பாடுபட்டு வீடு வாங்கிய நம்மவர்களில் பலர் உயில் எழுதுவதில்லை. முஸ்லிம் அல்லாத ஒருவர் உயிலின்றி இறந்தால், 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. இருப்பதோ ஒரே வீடு. ஒருவர் விற்கச் சொன்னாலும் சிக்கல்தான்.

அறக்கட்டளை என்றால் கோயிலுக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் உண்டு. உயிலிலேயே வீட்டை ஓர் அறங்காவலரிடம் ஒப்படைத்து, மனைவி ஆயுள்வரை குடியிருக்கவும் பின்னர் பிள்ளைகளுக்குச் சேரவும் எழுதலாம். நம்பிக்கையான உறவினரோ அமானா ராயாவோ அறங்காவலர் ஆகலாம்.

கையெழுத்திடும்போது சாட்சிகள் இருவரும் உடனிருக்க வேண்டும். சொத்து பெறுபவர் சாட்சியானால் அவர் பங்கு செல்லாது. உயில் எழுதியபின் திருமணம் செய்தால், பொதுவாக அந்த உயில் ரத்தாகும், புதிதாக எழுதுங்கள்.