'சிடி4 குறைஞ்சிருக்கு'ன்னா என்ன அர்த்தம்? எச்.ஐ.வி சிகிச்சையில் ஓர் எண் செய்யும் வேலை!

சர்க்கரை, பிரஷர், ஹீமோகுளோபின்... இந்த எண்களையெல்லாம் இன்று வீட்டில் எல்லோருமே ஓரளவுக்குப் படித்துப் புரிந்துகொள்கிறோம். 'உங்களுக்கு எவ்வளவு?' என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளவும் தயங்குவதில்லை. ஆனால், யாரிடமும் சொல்லாமல், ரிப்போர்ட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மனதுக்குள்ளேயே கணக்குப் போடும் எண் ஒன்றும் இருக்கிறது. அதுதான் 'சிடி4 கவுன்ட்.'

எச்.ஐ.வி-யோடு வாழ்பவர்களுக்கு இது நன்கு பழகிய எண். மற்றவர்களில் பலருக்கு, 'சிடி4 குறைந்தால் எய்ட்ஸ்' என்பதோடு புரிதல் நின்றுவிடுகிறது. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களும், மாத்திரையைத் தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள்.

அதென்ன சிடி4?

கல்யாண வீட்டில் ஒருவர் இருப்பார். அவர் சமைக்க மாட்டார், பரிமாறவும் மாட்டார். ஆனால், 'அங்கே சாம்பார் போகட்டும், இங்கே இலை போடுங்க' என்று அவர் சொல்லாவிட்டால் பந்தி நடக்காது. நம் ரத்த வெள்ளை அணுக்களில் அப்படியொரு வேலையைச் செய்பவைதான் 'ஹெல்ப்பர் டி செல்கள்.' கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும் செல்களுக்கும், கிருமி புகுந்த செல்களை அழிக்கும் செல்களுக்கும் தகவல் கொடுத்து முடுக்கிவிடுவது இவைதான்.

இந்தச் செல்களின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்தின் பெயர் சிடி4. உடலுக்குள் கிருமி நுழைந்தால், வேறு சில செல்கள் அதன் துணுக்கை எடுத்து வந்து ஹெல்ப்பர் செல்லிடம் காட்டும. அப்போது அந்த இரண்டு செல்களையும் சேர்த்துப் பிடித்து, தகவல் உறுதியாகப் போய்ச்சேர உதவுகிற ஏற்பி, அதாவது 'ரிசெப்டார்' இது.

பெயரில் உள்ள எண் எப்படி வந்தது? 1975-ல், ஒரே ஒரு மூலக்கூறில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை ஆய்வகத்தில் தயாரிக்கும் முறையை கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இதற்காக 1984-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். அந்த ஆன்டிபாடிகளை வைத்து, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் வெள்ளை அணுக்களை, மேலே இருக்கும் புரதத்தைக் கொண்டு பிரித்தறிய முடிந்தது. ஆனால், ஒரே புரதத்துக்கு ஒவ்வோர் ஆய்வகமும் ஒவ்வொரு பெயர் வைத்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 1982-ல் பாரிஸில் கூடிய விஞ்ஞானிகள் பொதுவான எண்களைக் கொடுத்தார்கள். அதில் இதற்குக் கிடைத்த எண் 4.

கிருமிக்கு முன்பே தெரிந்த பாதிப்பு

1981 ஜூன் 5. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வாராந்தர அறிக்கையில் ஒரு செய்தி. லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு அபூர்வமான ஒரு வகை நிமோனியா வந்திருந்தது. எதிர்ப்பு சக்தி மிகவும் குன்றியவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நோய் அது. அவர்களில் இருவர் இறந்தும் போயிருந்தார்கள்.

அந்த ஆண்டு இறுதிக்குள்ளேயே, இப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தில் ஹெல்ப்பர் செல்கள் பெருமளவு காணாமல்போயிருப்பதை மருத்துவர்கள் கண்டார்கள். எந்தக் கிருமி என்று தெரிவதற்கு முன்பே, எந்தச் செல் அழிகிறது என்பது தெரிந்துவிட்டது. 1983-ல் பிரான்ஸின் பாஸ்டர் ஆய்வு நிறுவனம் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தது. 1984-ல் பிரிட்டன், பிரான்ஸ் விஞ்ஞானிகள் தனித்தனியே இன்னோர் உண்மையைச் சொன்னார்கள். வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வதே அந்த சிடி4 ஏற்பியைத்தான்!

எப்படி எண்ணுகிறார்கள்?

கையிலிருந்து சிறிதளவு ரத்தம் எடுப்பார்கள். அதில் சிடி4-ல் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைக் கலப்பார்கள். அந்த ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயம் இணைக்கப்பட்டிருக்கும். பிறகு, செல்களை ஒவ்வொன்றாக வரிசையில் லேசர் ஒளியின் குறுக்கே ஓடவிடுவார்கள். ஒளிரும் செல்களைக் கருவி எண்ணிவிடும். இதற்கு 'ஃப்ளோ சைட்டோமெட்ரி' என்று பெயர். ரத்தப் புற்றுநோய் எந்த வகை என்று பிரித்தறியவும் இதே முறைதான் பயன்படுகிறது. அங்கே தேடப்படும் சிடி எண்கள் வேறு.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு, ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் பொதுவாக 500 முதல் 1,500 வரை சிடி4 செல்கள் இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு இந்த எண்ணிக்கை இயல்பாகவே அதிகம். அதனால், ஐந்து வயதுக்குக் கீழே எண்ணிக்கையைவிட சதவிகிதத்துக்கு முக்கியத்துவம் கொடுப்பார்கள்.

மூன்று டெஸ்ட்... மூன்று கேள்விகள்!

பலரும் குழம்பும் இடம் இதுதான். எச்.ஐ.வி இருக்கிறதா, இல்லையா என்பதை சிடி4 கவுன்ட் சொல்லாது.

* எச்.ஐ.வி பரிசோதனை: தொற்று இருக்கிறதா என்பதைச் சொல்லும். ரத்தத்தில் எச்.ஐ.வி-க்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தேடும் பரிசோதனை. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி-யில் அவற்றைப் பரிசோதித்தபோது இந்தியாவின் முதல் எச்.ஐ.வி தொற்றுகள் உறுதியானது இந்த வகைப் பரிசோதனையில்தான்.
* சிடி4 கவுன்ட்: தொற்று உறுதியானவரின் எதிர்ப்பு சக்தி எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும்.
* வைரல் லோடு: ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது, மாத்திரை வேலை செய்கிறதா என்பதைச் சொல்லும்.

காசநோய், கடுமையான வேறு தொற்றுகள், ஸ்டீராய்டு மருந்துகள், கீமோதெரபி... இவற்றாலும் சிடி4 குறையலாம். அதனால், 'சிடி4 குறைவு, எனவே எச்.ஐ.வி' என்று முடிவு கட்டக் கூடாது. அதேபோல, எச்.ஐ.வி தொற்றிய ஒருவருக்கு ஆரம்ப ஆண்டுகளில் சிடி4 இயல்பான அளவிலேயே இருக்கலாம். உடம்பிலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று பரிசோதனையைத் தவிர்ப்பது ஆபத்தாவது இதனால்தான்.

200 என்ற எல்லைக்கோடு

சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால், உலக சுகாதார நிறுவனம் அதை 'முற்றிய எச்.ஐ.வி நோய்' என்கிறது. சாதாரணமாக நம்மை ஒன்றும் செய்யாத கிருமிகள்கூட இந்தக் கட்டத்தில் உயிரைப் பறிக்கலாம். 1981-ல் அந்த இளைஞர்களைத் தாக்கிய நிமோனியா, மூளை உறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை, மூளையைப் பாதிக்கும் டாக்ஸோபிளாஸ்மா எனப் பட்டியல் நீளும். காசநோய் மட்டும் இந்த எல்லைக்காகக் காத்திருக்காது. கவுன்ட் அதிகமாக இருக்கும்போதும் அது வரலாம்.

இங்கேதான் அந்த எண் உயிர் காக்கிறது. கவுன்ட் 200-க்குக் கீழே என்று தெரிந்தால், நிமோனியாவைத் தடுக்க 'கோட்ரைமாக்ஸசோல்' மாத்திரையைத் தொடங்குவார்கள். காசநோய் இருக்கிறதா என்று தேடுவார்கள். கிரிப்டோகாக்கஸின் தடயத்தை ரத்தத்தில் பார்ப்பார்கள். தலைவலி, காய்ச்சல் வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே அந்தத் தடயம் ரத்தத்தில் தெரிந்துவிடலாம். அப்போதே மருந்து கொடுத்தால் மூளைக்காய்ச்சலைத் தவிர்க்க வாய்ப்பிருக்கிறது.

'கவுன்ட் நல்லா இருக்கு... மாத்திரை வேண்டாமா?'

ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 2004-ல் தாம்பரம் உள்ளிட்ட மையங்களில் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, கவுன்ட் வெகுவாகக் குறைந்தவர்களுக்கே முன்னுரிமை. உலக அளவில் அந்த வரம்பு 2010-ல் 350, 2013-ல் 500 என உயர்ந்தது. 2015-ல் உலக சுகாதார நிறுவனம் வரம்பையே எடுத்துவிட்டது. சீக்கிரம் தொடங்குபவர்களுக்கு நோயும் மரணமும் குறைவு என்பதை ஆய்வுகள் காட்டியதே காரணம். 2017 முதல் இந்தியாவிலும் இதே நடைமுறைதான். தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை உண்டு, கவுன்ட் எவ்வளவாக இருந்தாலும் சரி.

எனவே, 'உங்களுக்கு இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை' என்று பல வருடங்களுக்கு முன்பு கேட்டுவிட்டு வந்தவர்கள், அதையே நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே மையத்துக்குப் போய் சிகிச்சையைத் தொடங்கலாம்.

மாத்திரை வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். அதன் பிறகு சிடி4 தானாகவே ஏறும். முதல் சில மாதங்களில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும் ஏறும். மிகக் குறைந்த கவுன்ட்டில் தொடங்குபவர்களில் சிலருக்கு இயல்பான அளவை எட்டாமலும் போகலாம். மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகி, கவுன்ட் திரும்ப இறங்கும். சத்தான உணவு உடலுக்கு நல்லதுதான். ஆனால், எந்தப் பொடியும் பானமும் கூட்டு மருந்துக்கு மாற்று ஆகாது.

கவனத்தில் வைக்க...

* போன முறை 480, இப்போது 430 என்றால் பதற வேண்டாம். ரத்தம் எடுத்த நேரம், சாதாரணச் சளி, கர்ப்பம் போன்றவற்றால்கூட எண் மாறும். பல ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.
* வைரஸ் கட்டுக்குள் வந்து, சிடி4-ம் நல்ல நிலையில் நிலைத்துவிட்டால், அடிக்கடி சிடி4 பார்க்க வேண்டிய அவசியம் குறைந்துவிடும். 'ஏன் டெஸ்ட் எடுக்கலை?' என்று பயப்பட வேண்டாம். வைரல் லோடு பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.
* தொடர்ந்து மாத்திரை எடுத்து, வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் இணைக்குத் தொற்று பரவாது.
* அரசு மருத்துவமனைகளில் இருக்கும் 'நம்பிக்கை மைய'த்தில் ஆலோசனையும் எச்.ஐ.வி பரிசோதனையும் இலவசம். தொற்று உறுதியானால், அங்கிருந்தே கூட்டு மருந்து சிகிச்சை மையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.
* 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி, எய்ட்ஸ் சட்டம், சம்மதம் பெறாமல் பரிசோதிப்பதையும், ஒருவரின் நிலையை வெளியிடுவதையும் பொதுவாகத் தடைசெய்கிறது. வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு காட்டுவதையும் அது தடைசெய்கிறது.

சிடி4 கவுன்ட் யாருடைய நடத்தைக்கும் போடப்படும் மார்க் இல்லை. அடுத்து எந்த மருந்து, எந்தப் பரிசோதனை என்று மருத்துவருக்கு வழிகாட்டும் எண், அவ்வளவுதான். அது 200-க்குக் கீழே இறங்கிய பிறகு தெரிந்துகொள்வதைவிட, 600-ல் இருக்கும்போதே பரிசோதித்து மாத்திரையைத் தொடங்கிவிட்டால் வாழ்நாள் நீளும்.