இந்தப் படத்துக்கு எத்தனை வருஷம் ஆச்சு, தெரியுமா?

செல்போனை எடுத்தோமா, தட்டினோமா, ஸ்டேட்டஸில் போட்டோமா? பத்தே விநாடி! ஆனால் ஒரு படத்துக்காக ராத்திரி பூரா, வருஷக்கணக்கில், ஏன், நூறு வருஷத்துக்கு மேலும் காத்துக் கிடந்தவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள்! தெரியுமா?

முதலில் மலையேறுவோம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர். உயரம் 725 மீட்டர். 1968-ல் வெறும் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலை தொடங்கிய இடம்தான் இன்றைய வைணு பாப்பு வான் ஆய்வகம்! 1986-ல் திறந்த பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி எவ்வளவு அகலம்? 2.34 மீட்டர்! ஏழடி ஆளைப் படுக்க வைத்தாலும் ஓரத்தில் இடம் மிஞ்சும்!

அங்கே எடுத்த போட்டோவில் ஒரு உலகமே சிக்கியது, தெரியுமா? 1988 பிப்ரவரி 17. வானியலாளர் ராஜமோகனின் குழு ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தது. எப்படி? ஒரே வானத்தை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி படமெடுப்பார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே ஒரு புள்ளி மட்டும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்! அதுதான் ஆள்! அதற்கு வைத்த பெயர்? ராமானுஜன்! நம் கும்பகோணத்துக் கணிதமேதையேதான். வரிசை எண் 4130!

ஆய்வகத்துக்குப் பெயர் தந்த வைணு பாப்பு லேசுப்பட்டவரா? சென்னையில் பிறந்தவர். 1949-ல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது அவர் எடுத்த போட்டோத் தகட்டில் ஒரு வால்நட்சத்திரம் அகப்பட்டது! பாப்பு-பாக்-நியூகர்க் வால்நட்சத்திரம். அப்போது அவருக்கு 22 வயதுகூட நிரம்பவில்லை!

இன்னொன்று. துருவ நட்சத்திரமும் தெற்குச் சிலுவையும் ஒரே ராத்திரியில் தெரியும் ஊர் எது? காவலூரும் அதில் ஒன்று! வடக்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து சுமார் பன்னிரண்டரை டிகிரியில் மினுக்கும். ஏப்ரல், மே ராத்திரிகளில் தெற்கே திரும்பினால் சிலுவை! லண்டன்காரர் தலைகீழாக நின்றாலும் அவர் ஊரில் சிலுவை தெரியாது. கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் மணிக்கு 15 டிகிரி கோடு இழுக்கும். சாமை வயலும் பலா மரமும் கீழே, வளையம் வளையமாக வானம் மேலே!

ஒரே ஆளை நூறு வருஷமாகப் படமெடுத்துக்கொண்டே இருந்தால்? கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் அதைத்தான் செய்கிறார்கள்! 1904-லிருந்து, மேகம் விடும் நாளெல்லாம், சூரியனைப் படம் பிடிக்கிறார்கள். எடுத்தவர்கள் மாறிவிட்டார்கள். மாடல் மட்டும் மாறவே இல்லை!

காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கு லடாக்கிலும் ஓர் ஆய்வகம் உண்டு, தெரியுமா? ஹான்லே! உயரம் 4,500 மீட்டர்! அங்கே பொறியாளராக இருக்கும் டோர்ஜே அங்சுக், ராத்திரியில் கேமராவும் கையுமாக அலைகிறவர். 2025 ஜனவரியில் அவர் வெளியிட்ட வீடியோவைப் பார்த்தீர்களா? நட்சத்திரங்கள் அப்படியே நிற்கின்றன. மலையும் தரையும் சுற்றுகின்றன! ஆமாம், பூமி சுற்றுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்! கேமராவை நட்சத்திரத்தோடு சேர்ந்து திரும்பும் கருவியில் பூட்டிவிட்டார், அவ்வளவுதான் சூட்சுமம். கடுங்குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்குமாம். ஒரே ராத்திரியில் முடிந்த வேலை இல்லை!

சரி, மண்ணுக்கு இறங்குவோமா?

புதுச்சேரி செந்தில் குமரன் ஒரே விஷயத்தை எத்தனை வருஷம் துரத்தினார், தெரியுமா? கிட்டத்தட்ட பத்து! புலிக்கும் மனிதனுக்கும் நடக்கும் இழுபறி. புலியால் ஆளை இழந்த வீடும் அந்தப் படங்களில் உண்டு, மனிதனால் மாட்டிக்கொண்ட புலியும் உண்டு. 2022-ல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ விருது! ஆசியப் பிரிவில், நீண்டகாலப் பணிக்காக!

அடுத்து, மதுரைப் பக்கத்து எம். பழனி குமார். மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த அம்மாவின் மகன். கடன் வாங்கித்தான் முதல் கேமரா! அதை வைத்து என்ன எடுத்தார்? கல்யாண ஆல்பமா? இல்லை! மலக்குழியில் இறக்கப்பட்டவர்களை, அந்த வேலையில் செத்துப்போனவர்களின் குடும்பங்களை! 2017-ல் வந்த திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவிலும் அவர் இருந்தார்.

அவருடைய ஒரு படத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். கொசஸ்தலை ஆறு. கழுத்துவரை தண்ணீரில் ஒரு பெண். வலை இல்லை, தூண்டில் இல்லை. இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார். பிடித்த இறாலை எங்கே போடுவது? ஓலைக்கூடையில். கூடையை யார் பிடிப்பது? பல்! ஆமாம், கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டிருக்கிறார்! சென்னையில் நம் வீட்டு இறால் தொக்குக்குப் பின்னால் இப்படி ஒரு தாடை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கிராமப்புற வாழ்வைப் பதியும் ‘பாரி’ இணையதளத்தின் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை 2022-ல் முதன்முதலாக வாங்கியவர் இவர்தான்! அந்த தயானிதா சிங் யார்? அதே 2022-ல் ஹாசல்பிளாட் விருது வாங்கிய இந்தியப் புகைப்படக் கலைஞர்!

வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் போட்டோகிராபியை எந்தக் கல்லூரியில் படித்தார்? எங்கும் இல்லை! தானாகக் கற்றுக்கொண்டார்! 2020 ஊரடங்கில் ஊருக்குத் திரும்பியவர் யாரைப் படமெடுத்தார்? சொந்த வீட்டாரை! 2021-ல் மேக்னம் அறக்கட்டளையின் நல்கை தேடி வந்தது. வீட்டு வாசலைத் தாண்டாமலே உலகம் பார்க்கும் படங்கள்! (நம் வீட்டில் அம்மாவை எடுத்த நல்ல படம் எத்தனை இருக்கிறது? நான் எண்ணிப் பார்த்தேன். மூன்று.)

பழசில் ஒன்று சொல்லாமல் விட மனசில்லை. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை அப்படியே நீளவாக்கில் எடுத்து ஒட்டினார். மொத்தம் 21 அச்சுகள்! நீளம்? சுமார் 19 அடி! நம் போனில் ‘பனோரமா’ வருவதற்கு எத்தனை காலம் முந்தி!

கடைசியாக என் காவலூர் சாதனையையும் சொல்லிவிடுகிறேன். போனைக் கல்லில் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முப்பது விநாடி நின்றேன். படம் வந்தது! புள்ளிகளுக்கு நடுவே பளிச்சென்று ஒரு கோடு! குறுங்கோளா? வால்நட்சத்திரமா? பெயர்கூட யோசித்துவிட்டேன்! பக்கத்தில் நின்ற ஊர்ப் பையன் எட்டிப் பார்த்தான்.

“அண்ணா, அது பெங்களூரு போற பிளேன்.”