போன்ல தெரியுற மெயில் உண்மையில எங்க இருக்கு?

காலேஜ் முடிக்கப்போறவங்களுக்கு இந்த எபிசோடு ரொம்ப முக்கியம். படிப்பு முடிஞ்சதும் நிறைய காலேஜ்கள் மாணவர்களோட மெயில் ஐடியை மூடிடுவாங்க. "பரவால்ல, எல்லா மெயிலும் என் போன்லயே இருக்கே"ன்னு நீங்க நினைக்கலாம். பெரும்பாலும் அது போன்ல இல்லை. ஏன்னு பார்ப்போம்.

ஒரு மெயில் ஒரு சர்வர்லருந்து இன்னொரு சர்வருக்குப் போறதுக்கான விதிமுறை எஸ்எம்டிபி. 1982-லருந்து இருக்கு. ஆனா உங்க சர்வர்ல மெயிலைச் சேர்க்கிறதோட அதன் வேலை முடிஞ்சுது. அங்கருந்து உங்க கைக்கு வர முக்கியமா ரெண்டு வழி.

முதல் வழி பாப்3. போஸ்ட் ஆபீஸுக்கே போய் தபாலை வாங்கிட்டு வர்ற மாதிரி. கம்ப்யூட்டர் மெயிலை இறக்கிக்கும். பழைய வழக்கப்படி சர்வர்ல இருக்கிறதை அழிச்சிடும். டயல்-அப் காலத்துல இது சரியான யோசனைதான். சர்வர்ல இடம் கம்மி, இணைப்புல இருக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் காசு. ஆனா உங்க ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா மெயிலும் போச்சு.

ரெண்டாவது வழி ஐமேப். 1986-ல ஸ்டான்ஃபோர்டுல மார்க் கிரிஸ்பின் வடிவமைச்சது. இதுல அசல் மெயில் சர்வர்லயே இருக்கும். போனும் லேப்டாப்பும் அதை எட்டிப்பார்க்கிற ஜன்னல்கள். போன்ல ஒரு மெயிலைப் படிச்சா, 'படிச்சாச்சு'ங்கிற குறி சர்வர்ல விழும். லேப்டாப்லயும் அது படிச்ச மெயிலாத்தான் தெரியும். ஜிமெயில் ஆப் சர்வர்கூட தன் சொந்த முறையில பேசினாலும், அடிப்படை இதேதான்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. போன்ல அழிச்சா எல்லா இடத்துலயும் அழியும். சர்வர்ல கணக்கை மூடினா ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒண்ணுமே இருக்காது. ஆப் பெரும்பாலும் சமீபத்திய மெயில்களை மட்டும்தான் போன்ல வெச்சிருக்கும். சிங்க் வேற, பேக்கப் வேற!

அப்போ என்ன பண்ணலாம்? கணக்கு உயிரோட இருக்கும்போதே பிரதி எடுங்க. கூகுள் கணக்குன்னா டேக்அவுட் மூலமா எல்லா மெயிலையும் எம்பாக்ஸ் ஃபைலா இறக்கலாம். காலேஜ் அதைத் தடுத்து வெச்சிருந்தா, ஐமேப் அனுமதி இருக்கான்னு பாருங்க. இருந்தா லேப்டாப்ல தண்டர்பேர்டு போட்டு அந்தக் கணக்கைச் சேருங்க. மெயில்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் பண்ணி, 'லோக்கல் ஃபோல்டர்ஸ்'க்கு காப்பி பண்ணுங்க. 'மூவ்' வேண்டாம், 'காப்பி'. உங்க சொந்த மெயில் கணக்கையும் அதே தண்டர்பேர்டுல சேர்த்தா, பழைய மெயிலை நேரா அதுக்கே காப்பி பண்ணலாம்.

முடிஞ்சதும் ஒரு சின்ன டெஸ்ட்: வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, லோக்கல் ஃபோல்டர்ல முதல் வருஷத்து மெயில் ஒண்ணை அட்டாச்மென்ட்டோட திறந்து பாருங்க. திறந்தா அது உங்ககிட்ட இருக்கு. இல்லைன்னா இன்னும் சர்வர்லதான் இருக்கு.

ரெண்டு எச்சரிக்கை. ஆபீஸ் மெயில் கம்பெனியோட சொத்து. கேக்காம வெளிய எடுக்காதீங்க. பே ஸ்லிப் மாதிரி உங்களுக்கானதை ஹெச்ஆர்கிட்ட கேட்டு வாங்குங்க. அப்புறம், பேங்க்லயோ வேற எங்கயோ காலேஜ் ஐடி கொடுத்திருந்தா இப்பவே மாத்திடுங்க. மெயிலை பத்திரமா எடுத்து வெச்சிருந்தாலும், பாஸ்வேர்டு மறந்த அன்னைக்கு ரீசெட் லிங்க் அந்த மூடின ஐடிக்குத்தான் போகும்.