பிள்ளை உட்காரும் பாரும் முழங்கை ஊன்றும் பாரும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து முடிக்க வேண்டிய போட்டியே டிரையத்லான். அதன் ஒலிம்பிக் அளவில் 1.5 கிலோமீட்டர் நீச்சலுக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கும் நடுவே சைக்கிளுக்கு 40 கிலோமீட்டர், அதாவது புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்குப் போய்த் திரும்புமளவு தொலைவு, ஒதுக்கப்பட்டுள்ளது. இதற்கென்றே செய்யப்படும் சைக்கிளின் விலை லட்சங்களில் பேசப்படுவதால், இருப்பதை வைத்தே ஓட்டுவதா, புதியதை வாங்குவதா என்ற தயக்கம் எழுவது இயல்பே. செய்ய வேண்டிய வேலையைக் கொண்டு சைக்கிளை எடைபோட்ட பேரனுபவம் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்துக்கே உண்டு.

1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் இணைத்து, பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்தார். கிராமப்புறப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிள் ஓட்டத் தொடங்கியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காத நிலையில் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பலர் பழகினர். சேலையோடு ஏறி இறங்க அதன் பார் இடைஞ்சல்தான். ஆயினும் சீட்டிலிருந்து ஹேண்டில் வரை நீளும் அந்தப் பாரில் பிள்ளையை உட்காரவைக்க முடியும் என்பதால், அதுவே மேல் என்று கருதியவர்களும் இருந்தனர். எந்த சைக்கிள் யாருக்கு என்று விற்பனையாளர் வகுத்த பிரிவு அங்கே செல்லுபடியாகவில்லை.

டிரையத்லான் சைக்கிள் செய்யும் வேலை வேறு. சமதளத்தில் விரைந்து செல்பவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிறது. அந்த எதிர்ப்பிலும் பெரும்பகுதி சைக்கிளால் அன்று, ஓட்டுபவரின் உடலால் எழுவது. எனவேதான் முழங்கைகளை ஊன்றி, கைகளை முன்னே நீட்டி, முதுகைத் தாழ்த்திக்கொள்ள உதவும் ஏரோ பார் இவ்வகை சைக்கிளின் உயிர்நாடி ஆகிறது. சீட்டைத் தாங்கும் குழாயும் சற்று நிமிர்ந்து நிற்பதால், உடல் குனிந்தாலும் இடுப்பு மடங்கி நெருக்குவதில்லை. இறங்கியதும் ஓட வேண்டியவருக்கு இது பெரிய உதவி.

1989 டூர் தி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளில் 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், டிரையத்லான் வீரர்களிடமிருந்து வந்த ஏரோ பாரையும் காற்றுத் தடையைக் குறைக்கும் தலைக்கவசத்தையும் கொண்டு 24.5 கிலோமீட்டர் ஓட்டி, ஒட்டுமொத்தத்தில் 8 விநாடி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். அந்தப் பாரைத் தவிர்த்த பிரான்சின் லொரான் ஃபின்யோன் தோற்றார். அத்தகைய பாரைப் பழைய ரோடு சைக்கிளின் ஹேண்டிலிலேயே மரையிட்டுப் பொருத்திக்கொள்ளலாம் என்பதுதான் வாங்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது. பாரும் சரியான சீட் உயரமும் உருளத் தடையில்லாத நல்ல டயரும் அமைந்த பிறகு, புதிய பிரேம் மேற்கொண்டு 5 விழுக்காடு காற்றுத் தடையைக் குறைப்பதாகவே கொண்டாலும், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு 40 கிலோமீட்டரில் மிச்சமாவது ஏறத்தாழ ஒரு நிமிடமே. பரிசு மேடையை எட்டிப் பார்ப்பவருக்கு அது பெரிது. போட்டியை முடித்தால் போதும் என்பவருக்கு அதற்கு லட்சங்கள் கொடுப்பது வீண்செலவு. 180 கிலோமீட்டர் மிதிக்க வேண்டிய அயர்ன்மேன் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவரின் கணக்கு மாறும். பிரேம் உடலுக்குப் பொருந்தாமல் முதுகு வலியோடு ஓட்டுபவர் மாற்றுவதே முறை. பிரேக், கியர் கம்பிகளைக் குழாய்க்குள் மறைத்த புதிய மாதிரிகளைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் அருகில் இருக்கிறாரா என்பதையும் விலையோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

போட்டி விதியோ சில நேரம் இந்தத் தயக்கத்தையே தேவையற்றதாக்கிவிடுகிறது: முன்னே செல்பவரின் பின்னால் ஒட்டி ஓட்டிக் காற்றிலிருந்து ஒதுங்கிக்கொள்ள அனுமதி உள்ள போட்டிகளில் வளைந்த ஹேண்டில் கொண்ட ரோடு சைக்கிளைத்தான் ஓட்ட வேண்டும்; ஒலிம்பிக் விளையாட்டில் நடக்கும் டிரையத்லானும் அவ்வகையே என்பதால், டிரையத்லான் சைக்கிளுக்கு அங்கே இடமில்லை.