மலைக் குடிகளின் நில பாத்தியதையும் வன உரிமைச் சட்டமும்

தருமபுரி ஜில்லாவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. அக்காட்டின் நடுவிலும் ஓரங்களிலும் பயிரிட்டு வாழும் குடிகள் பலர். அரூருக்கு அப்பாலுள்ள சித்தேரி மலையிலும், தருமபுரிக்கு அருகிலுள்ள வத்தல்மலையிலும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர் வசிக்கின்றனர். மலையில் வாழ்வோர் என்பதே இப்பெயரின் பொருள். இவர்களுடைய தாய்மொழி தமிழ். மலையாள தேசத்தோடு இவர்களுக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் இருளர்கள் இருக்கின்றனர். மலைச் சரிவில் ஏர் செல்லும் இடம் உழவுகாடு. ஏர் செல்லாத கல்லுச் சரிவு கொத்துக்காடு. இவ்விரண்டிலும் சாமை, கேழ்வரகு, தினை, கொள்ளு முதலியன மானாவாரியாக விளைகின்றன. வத்தல்மலையில் காப்பியும் மிளகும் உண்டு.

இக்குடிகளில் அநேகருக்குள்ள குறை யாதெனில், பாட்டன் திருத்திய பூமியைப் பேரன் உழுதுகொண்டிருந்தும், அது காகிதத்தில் ரிசர்வு காடாக இருப்பதேயாம். பட்டா இல்லாதவனுக்குப் பயிர்க்கடன் கிடைப்பது அரிது. விதை, உரம், நுண்ணீர்ப் பாசனம் முதலியவற்றுக்குச் சர்க்கார் அளிக்கும் மானியத்தைப் பெறுவதும் அரிது. நிலம் தன்னுடையதென்று நிச்சயமில்லாதவன், கல்வரப்புக் கட்டவோ, பலன் தரப் பல வருஷங்கள் செல்லும் பலா, புளி முதலிய மரங்களை வைக்கவோ துணிய மாட்டான். மண் அரிப்பைத் தடுக்க இலாகா செய்யும் உபதேசங்கள் மலைகளில் முழுப்பயன் தராமைக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இந்நிலை ஏற்பட்ட விதத்தைச் சிறிது அறிதல் நலம். 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டத்தின்படி ஒரு காட்டை ரிசர்வு செய்யுமுன் பிரகடனம் வெளியிட்டு, பாத்தியதை கொண்டாடுவோர் மனுச் செய்துகொள்வதற்கு மூன்று மாதத்துக்குக் குறையாத தவணை கொடுக்க வேண்டும். விதி நியாயமானதே. ஆயினும் எழுத்தறியாத மலைக் குடிகளில் எத்தனை பேர் அப்பிரகடனத்தைப் படித்திருக்கக் கூடும்? தவணைக்குள் கேளாதவர்களின் அனுபோகம் சட்டத்தின் கண்ணுக்கு ஆக்கிரமிப்பாயிற்று.

இக்குறையைத் தீர்க்கப் பார்லிமெண்டு 2006-ம் வருஷம் டிசம்பரில் நிறைவேற்றியதே, சுருக்கமாக வன உரிமைச் சட்டம் எனப்படுவது. அது 2007 டிசம்பர் 31 முதல் அமுலுக்கு வந்தது. விதிகள் 2008 ஜனவரியில் பிறந்து, 2012-ல் திருத்தப்பட்டன. இச்சட்டம் புதிதாக நிலம் வழங்கும் தர்மச் சட்டம் அன்று. முன்னமே இருந்துவரும் உரிமையை ஒப்புக்கொள்ளும் சட்டம். 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் குடியிருந்தோ பயிரிட்டோ வருகிற பழங்குடிக் குடும்பத்துக்கு, அது உண்மையில் அனுபவித்துவரும் அளவுக்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை உண்டு. 4 ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 10 ஏக்கர். பழங்குடியல்லாத வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அவ்விடத்தில் காட்டை நம்பி வாழ்ந்ததையும் காட்ட வேண்டும். உரிமைப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பேரிலும் கூட்டாக வரும். வாரிசுகளுக்கு இறங்கும், விற்கவோ பிறருக்கு மாற்றவோ கூடாது.

தமிழ்நாட்டில் இச்சட்டத்தின் பலன் தாமதித்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. 2008 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட்டு, கோர்ட்டின் உத்தரவின்றி உரிமைப் பத்திரம் வழங்கலாகாதென்று கட்டளையிட்டது. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டில் அத்தடை நீங்கும் வரை மனுக்கள் விசாரிக்கப்பட்டும் பத்திரம் கைக்கு வரவில்லை. அதற்குள் மனுச் செய்தவர்களில் சிலர் காலமாயினர், பலர் மறந்தனர். 2005 என்ற வருஷத்தைக் கேட்டு, மனுச் செய்யும் காலம் கடந்துவிட்டதென எண்ணுவோரும் உளர். அது தவறு. அத்தேதி அனுபோகத்துக்கே உரியது. கிராம சபை மனுக்களைக் கோரும்போது மூன்று மாதத் தவணை கூறினும், தேவையானால் காரணம் எழுதி அதனை நீட்டிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் வேர் கிராம சபையே. கலெக்டர் கச்சேரிக்கோ வன இலாகா கச்சேரிக்கோ தனியே மனுக் கொண்டுபோவதால் பயனில்லை. பல குக்கிராமங்கள் சேர்ந்த பெரிய பஞ்சாயத்தில், சித்தேரி இதற்கு உதாரணம், எல்லோரும் ஓரிடத்தில் கூடுவது கஷ்டம். ஒரு மலையிலிருந்து இறங்கி மற்றொரு மலை ஏற வேண்டியிருக்கும். பழைய குடியிருப்புகளையும் சட்டம் கிராமம் என்னும் சொல்லில் அடக்கியிருப்பதாலும், இவ்வாறான இடங்களில் குக்கிராமந்தோறும் சபை கூட்ட வேண்டுமென்று மத்திய சர்க்கார் 2012-ல் அறிவுறுத்தியிருப்பதாலும், அவ்வவ்வூரார் தத்தம் ஊரிலேயே கூடக் கோருவது உசிதம். சபையின் அங்கத்தினரில் பாதிப்பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாயிருக்க வேண்டும். சபை, 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அக்குழு நிலத்தை நேரில் பார்த்து, வரைபடம் எழுதி, சபைக்கு அறிக்கை கொடுக்கும். வன இலாகா, ரெவின்யூ இலாகா உத்தியோகஸ்தர்கள் அச்சமயம் வந்திருந்து கையொப்பமிட வேண்டும். வராமலிருந்துவிட்டுப் பின்னர் ஆட்சேபித்தால், மனு மறு பரிசீலனைக்காகச் சபைக்குத் திரும்பும். இரண்டாம் முறையும் வராவிடில் நிலப் பரிசீலனையில் சபையின் முடிவே முடிவு. இவ்விதியை ஊரார் அறிந்திருத்தல் மிகவும் அவசியம்.

மனுவோடு இரண்டு ஆதாரங்களாவது வேண்டும். ஆதாரமென்றவுடன் ஸ்டாம்பு ஒட்டிய தஸ்தாவேஜை நினைத்துப் பலர் பின்வாங்குகின்றனர். விதியோ மிகவும் தாராளமானது. ரேஷன் கார்டு, வாக்காளர் அடையாளச் சீட்டு, வீட்டு வரி ரசீது ஆகியவை ஆதாரம். நிலத்திலுள்ள வரப்பு, கிணறு, தடுப்பணை, குடிசை ஆகியவை ஆதாரம். முன்னோரைப் புதைத்த இடமும் குலதெய்வக் கோயிலும் ஆதாரம். மனுதாரரல்லாத ஊர்ப் பெரியவர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலம் ஆதாரம். வன இலாகாவின் பதிவுகளும் ஆதாரமாதலால், காட்டில் உழுததாக முன்னொரு காலத்தில் விதித்த அபராதத்தின் ரசீதையும் சேர்த்து வைக்கலாம். குற்றத்துக்கென்று கொடுத்த அச்சீட்டு, உழுத வருஷத்துக்கு இப்போது சாட்சி சொல்லும். ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தில் நிலம் தெரியவில்லை என்பதை மட்டும் காரணமாகக் கொண்டு மனுவைத் தள்ளலாகாது. அப்படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையே தவிர அவற்றுக்குப் பதிலாகாது என்பது 2012-ம் வருஷத்துத் திருத்தம்.

சபையின் தீர்மானம் கோட்ட அளவிலுள்ள குழுவுக்கும், பின் கலெக்டர் தலைமையிலுள்ள ஜில்லாக் குழுவுக்கும் செல்லும். மனு தள்ளப்பட்டால் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து 60 நாட்களுக்குள் மேல் குழுவுக்கு அப்பீல் செய்யலாம். ஜில்லாக் குழுவின் முடிவு இறுதியானது. தள்ளப்பட்ட மனுவை அசட்டையாக விட்டுவிடுவது அபாயம். 2019 பிப்ரவரி 13-ல் சுப்ரீம் கோர்ட்டு, மனு தள்ளப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றும்படி பல மாகாணங்களுக்கு உத்தரவிட்டது. தள்ளிய முறையே சரியாக இல்லையென்று எடுத்துக்காட்டப்பட்டதன் மேல் அம்மாதம் 28-ல் அவ்வுத்தரவை நிறுத்திவைத்தது. பரிசீலனை முடியும் வரை யாரையும் வெளியேற்றலாகாதென்று சட்டமே கூறுகிறது.

கச்சேரிகளை அணுக மலைக் குடிகள் தயங்குவதைச் சோம்பல் என்று கொள்ளலாகாது. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டைச் சோதனை என்ற பேரில் நடந்த கொடுமைக்காக, 2011 செப்டம்பரில் உயிரோடிருந்த 215 உத்தியோகஸ்தர்களும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. 2023-ல் ஹைகோர்ட்டு அதனை உறுதிப்படுத்தியது. அந்நினைவு அப்பக்கத்து ஊர்களில் எளிதில் மறையாது. ஆகவே மனு எழுதித் தரவும் உடன் சென்று வரவும் படித்த வாலிபர்கள் முன்வருவது பேருதவியாகும்.

2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு, காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயமானதால் உரிமை போயிற்றென்ற வதந்தி ஆதாரமற்றது. சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் இச்சட்டத்திலுள்ள காட்டு நிலம் என்னும் சொல்லில் அடங்கும்.

நிலத்துக்கு அடுத்தபடி பாதை. பென்னாகரம் தாலுகா கோட்டூர் மலைக்கு 2024-ம் வருஷத்துப் பார்லிமெண்டுத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதைகளின் முதுகில் சென்றன. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மலையேறும் இயந்திரத்தின் கதியே இதுவானால், வருஷந்தோறும் சாமையையும் கேழ்வரகையும் சந்தைக்கு இறக்குபவன் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. தலைச்சுமையாகவும் கழுதைச் சுமையாகவும் வரும் தானியத்தின் கிரயத்தில் ஒரு பகுதி கூலிக்கே போய்விடுகிறது. ஆதலால் குடியானவன் அடிவாரத்து வியாபாரி சொன்ன விலைக்கு விற்றுவிட்டுத் திரும்புகிறான்.

காட்டு நிலத்தில் பாதை போட 1980-ம் வருஷத்து வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய சர்க்காரின் அனுமதி வேண்டும். வன உரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு 2-வது உட்பிரிவு இதற்கு விலக்களிக்கிறது. பள்ளிக்கூடம், வைத்தியசாலை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்சாரக் கம்பி, குடிநீர்க் குழாய், குளம், சிறு வாய்க்கால், பாதை முதலிய 13 காரியங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாத விதத்தில், உள்ளூர் நிலையிலேயே ஒதுக்கலாம். இதற்கும் கிராம சபையின் சிபாரிசு இன்றியமையாதது. 1 ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். 4 மீட்டர் அகலமுள்ள பாதையானால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் வரை இதில் அடங்கும். காட்டினூடே அதற்கு மேல் நீளும் பாதைக்கு இவ்விலக்கு போதாது. ஆயினும் ஏற்கெனவே பட்டா நிலத்தின் வழியாக வந்து நடுவில் காடு குறுக்கிடும் ஊர்களுக்கு இது பெரிய அனுகூலம்.

புளி, தேன், கடுக்காய், மூங்கில் முதலிய சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை இச்சட்டத்திலேயே உண்டு. அவற்றைக் கொண்டுபோவதற்கான சீட்டைக் கிராம சபையின் கீழுள்ள குழுவே வழங்கலாம்.

உரிமைப் பத்திரத்தை அடமானம் வைக்க முடியாதாகையால் கடன் கிடைக்காதென்று சிலர் கூறுவர். இதில் பாதியே உண்மை. கிணறு வெட்டவும் இயந்திரம் வாங்கவும் பெருந்தொகை வேண்டுவோருக்குக் கஷ்டந்தான். சட்டத்தின் இக்குறைக்கு இன்னும் சரியான பரிகாரம் ஏற்படவில்லை. ஆனால் பயிர்க்கடனைப் பொறுத்தமட்டில், 2025 ஜனவரி 1 முதல் 2 லட்ச ரூபாய் வரை அடமானம் கேட்கலாகாதென்பது ரிசர்வு பாங்கியின் உத்தரவு. பயிரிடுபவர் இன்னாரென்று காட்டுவதற்கு உரிமைப் பத்திரமே தக்க சாட்சி.

தனி நபர் நில உரிமைக்கு ‘அ’ படிவமும், மேய்ச்சல், நீர்நிலை, வன விளைபொருள் முதலிய சமுதாய உரிமைக்கு ‘ஆ’ படிவமும் பூர்த்தி செய்யப்பட வேண்டும். படிவங்கள் எளிதில், விலையின்றிக் கிடைக்கச் செய்வது கோட்டக் குழுவின் கடமை. தருமபுரி ஜில்லாவில் தருமபுரி, அரூர் என இரண்டு ரெவின்யூ கோட்டங்கள் உள்ளன. மனுவின் நகலில் தேதியிட்ட ரசீதை வன உரிமைக் குழுவிடமிருந்து பெற்று, ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்க.