வலிக்கலாம் வாங்க!

சிதம்பரத்தில் படிக்கிற யாரைக் கேட்டாலும் பிச்சாவரம் போன கதை ஒண்ணு கைவசம் இருக்கும். பர்த்டே ட்ரீட், ஃபேர்வெல், கட் அடிச்ச மத்தியானம்... சாக்கு எதுவானாலும் படகுத்துறை ஒண்ணுதான். ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா? நாம போட்டோ எடுத்துக்கிட்டு ஜாலியா உட்கார்ந்திருப்போம். துடுப்பு மட்டும் படகோட்டி அண்ணன் கையில!

அந்தத் துடுப்பை மாணவர்களே கையில் எடுத்தால்? எடுத்திருக்காங்க பாஸ். அதுவும் நம்மளை மாதிரி இன்ஜினீயரிங் பசங்க. நேத்து, முந்தாநாள் இல்லை... 1928-ல் இருந்து!

புனே கலக்கல்

புனே இன்ஜினீயரிங் காலேஜ் 1854-ல் ஆரம்பிச்சது. சுருக்கமா 'சி.ஓ.இ.பி.' 2022-ல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகவே மாறிவிட்டது. அதன் போட் கிளப் முளா, முட்டா என்ற இரண்டு ஆறுகள் கூடும் பகுதியில் இருக்கிறது. 1928-ல் தொடங்கிய படகு விழாதான் 'ரெகட்டா'. நடத்துவது மாணவர்கள். கயாக் படகுகள் அணிவகுத்து வரும். பன்ட் என்ற தட்டையான படகுகள் இருட்டில் விளக்கேற்றி தண்ணீரில் உருவம் உருவமாகக் கோலம் போடும். கரையில் ஊரே திரண்டு விசிலடிக்கும். 2028 வந்தால் இந்தப் பழக்கத்துக்கு வயது நூறு!

'அவங்களுக்கு நல்ல ஆறு இருக்கு' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அங்கேயும் சாக்கடை கலக்குது, ஆகாயத்தாமரை படருது. தண்ணி சுத்தமாகட்டும், அப்புறம் இறங்கலாம்னு யாரும் காத்திருக்கவில்லை. இறங்கினார்கள்.

நம்ம மாநிலத்திலும் இதுக்கு வரலாறு உண்டு. மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் ஆரம்பித்தது. அடையாறு பக்கம் 'போட் கிளப் ரோடு' என்று பெயர் வந்ததே அதனால்தான். 1864-ல் பிறந்த கொழும்பு ரோயிங் கிளப்போடு இவர்கள் முதன்முதலாக மோதியது 1898-ல். ஆனால் அது கிளப். நாம பேசுறது காலேஜ்.

ஜெயிச்ச பசங்க கதை

காலேஜ் படகுப் போட்டி என்றால் எல்லோரும் சொல்வது ஆக்ஸ்ஃபோர்டு - கேம்பிரிட்ஜ். 1829-ல் ஆரம்பித்தது. ஆனால் நம்ம மனசுக்கு நெருக்கமான கதை அமெரிக்காவில் இருக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக். எட்டு பேர் வலிக்கும் படகுப் போட்டி. அமெரிக்கா சார்பில் வந்தது வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகள் இல்லை. பலரும் கூலி வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள். பெர்லின் போகக் காசில்லை என்றதும், சியாட்டில் ஊர்க்காரர்கள் சில நாட்களில் 5,000 டாலர் வசூல் பண்ணிக் கொடுத்தார்கள். ஹிட்லர் பார்த்துக்கொண்டிருக்க, இத்தாலியையும் ஜெர்மனியையும் பின்னால் தள்ளி தங்கம்! வித்தியாசம் ஒரு நொடிகூட இல்லை. அந்த டீமில் இருந்த ஜோ ரான்ட்ஸ் பின்னாளில் போயிங் கம்பெனியில் இன்ஜினீயர்.

நம்ம நாட்டுக்கு வருவோம். மகாராஷ்டிராவின் வறண்ட கிராமத்தில் கிணறு தோண்டும் வேலை பார்த்தவர் தத்து போகனல். ராணுவத்தில் சேர்ந்தபிறகுதான் துடுப்பையே தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் 13-வது இடம். 2018 ஆசிய விளையாட்டில் நால்வர் பிரிவில் தங்கம். பஜ்ரங் லால் தாக்கர் 2010-லேயே ஆசிய விளையாட்டில் முதல் ரோயிங் தங்கத்தை எடுத்திருந்தார். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு ரோயிங்கில் மட்டும் ஐந்து பதக்கம். ஆனா ஜெயிக்கிறவங்க பெரும்பாலும் ராணுவத்துக்காரங்க. காலேஜ் பசங்க கம்மி. அங்கதான் நமக்கு இடம் காலியா இருக்கு!

ஒரு நிமிஷ கிளாஸ்

ரோயிங்கில் வீரர் பின்பக்கம் பார்த்து உட்கார்வார். போகிற வழி தெரியாது! பெரிய படகில் 'காக்ஸ்' என்ற ஒருவர் மட்டும் முன்னால் பார்த்து வழி சொல்வார். உட்காரும் பலகை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓடும். அதனால் முக்கிய வேலை கைக்கு இல்லை, காலுக்கு! ஒலிம்பிக் தூரம் 2,000 மீட்டர், நேர்க்கோடு. துடுப்பு என்பது நெம்புகோல். படகு என்பது உராய்வோடு நடக்கும் சண்டை. ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் பாடம் அப்படியே தண்ணியில மிதக்குது.

எங்கே வலிப்பது?

பிச்சாவரத்தில் ரேஸ் விடலாமா? கூடாது. கால்வாய் வளைந்து வளைந்து போகும். தவிர அது 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புக்காடு. 2004 சுனாமியின்போது பின்னால் இருந்த குப்பங்களுக்கு அரணாக நின்ற காடு அது. அங்கே மெதுவாகத்தான் போகணும்.

கடலூர் மாவட்டத்தில் வேறு தண்ணிக்கா பஞ்சம்? கெடிலம் இருக்கு, உப்பனாறு இருக்கு, பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகம் இருக்கு. சோழர் காலத்து வீராணம் ஏரி பத்து கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 2,000 மீட்டர் நேர்க்கோடு போட அங்கே இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது சென்னைக்குக் குடிநீர் போகிற ஏரி, கோடையில் வற்றவும் செய்யும். நீர்வளத்துறை அனுமதி இல்லாமல் படகை இறக்க முடியாது. கழிமுகத்தில் கடல் ஏற்ற இறக்கம் பார்த்துத்தான் இறங்கணும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு சிக்கல். எதுவும் தீர்க்க முடியாத சிக்கல் இல்லை.

போட்டி இருக்கான்னு கேட்கிறீங்களா? அகில இந்திய பல்கலைக்கழகங்களுக்கு இடையே ரோயிங் சாம்பியன்ஷிப் நடக்கிறது. 2023-ல் 'கேலோ இந்தியா' பல்கலைக்கழக விளையாட்டிலும் ரோயிங் இருந்தது. கோரக்பூர் ராம்கர் தால் ஏரியில் நடந்தது.

ஆரம்பிக்க நாலு விஷயம் போதும். முதல்ல, எல்லோரும் நீச்சல் கத்துக்கணும். இதில் சமரசமே கிடையாது. வருஷா வருஷம் ஆத்துல, குளத்துல மாணவர்களை இழக்கும் மாநிலம் இது. நீச்சல் தெரிஞ்சவனா இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். ரெண்டாவது, ஜிம்மில் ஒரு ரோயிங் மெஷின். தண்ணி இல்லாமலே டீம் செலக்‌ஷன் பண்ணிடலாம். மூணாவது, பொறுப்பேற்க ஒரு பேராசிரியரும், டிபார்ட்மென்ட் பார்க்காமல் சேர்ந்த பத்துப் பதினைந்து பேரும். பொண்ணுங்களும்தான்! ஆக்ஸ்ஃபோர்டு - கேம்பிரிட்ஜ் பெண்கள் 1927-லேயே மோத ஆரம்பிச்சிட்டாங்க.

நாலாவது, கோச். ரேஸ் டெக்னிக் சொல்லித்தர சென்னையிலிருந்து ஆள் வரட்டும். ஆனால் காத்து எப்போ திரும்பும், நீரோட்டம் எங்கே இழுக்கும், படகு ஆடினா உடம்பை எப்படி வெச்சுக்கணும்... இதெல்லாம் நம்ம படகோட்டி அண்ணன்களுக்கு அத்துப்படி. காசு கொடுத்து அவர்கள் படகில் இத்தனை வருஷம் உட்கார்ந்து வந்தோம். இனி உரிய சம்பளம் கொடுத்து வாத்தியாராகவே வெச்சுக்குவோமே!

மொதல் நாள் கை காய்ச்சுப் போகும். முதுகு கெஞ்சும். துடுப்பு 'வலிக்கிறது'ன்னு தமிழ்ல சும்மாவா சொன்னாங்க?