வம்புக்கு வாசல் எது?

1993ஆம் ஆண்டு. இணையத்தில் கூடிப் பேச அன்று பெரிய இடம் யூஸ்நெட். பெரும்பாலும் வெறும் எழுத்து. ஒவ்வொரு ஆர்வத்துக்கும் ஒரு குழு. பூனை வளர்ப்பவர்களுக்கும் ‘ரெக்.பெட்ஸ்.கேட்ஸ்’ என்று ஒன்று இருந்தது. குட்டிக்கு என்ன கொடுக்கலாம், சோபாவைப் பிறாண்டினால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்த இடம். அங்கே ஒருவர் வந்து, பருவத்துக்கு வந்த தன் இரண்டு பெண் பூனைகளால் வீட்டில் நிம்மதியே இல்லை, வழி சொல்லுங்கள் என்று கேட்டார். வந்து குவிந்த யோசனைகள் வாசிக்கவே கூசும் ரகம். கேட்டவரும், யோசனை சொன்ன பலரும் ‘ஆல்ட்.டேஸ்ட்லெஸ்’ என்ற இன்னொரு குழுவின் ஆட்கள். அருவருப்பைக் கிளப்புவதுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு. பேசிவைத்துக்கொண்டே வந்திருந்தார்கள். பூனைக்காரர்கள் கொதித்தார்கள். வந்தவர்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

இதற்கு அன்றைக்கே ஒரு மருந்து இருந்தது. பிற்பாடு பெர்ல் கணினி மொழியை உருவாக்கிய லாரி வால், 1984இல் எழுதிய ‘ஆர்என்’ என்ற யூஸ்நெட் வாசிப்பு மென்பொருளில் ‘கில் ஃபைல்’ என்றொரு வசதி உண்டு. ஒருவர் பெயரை அதில் போட்டுவிட்டால் அவர் எழுதுவது எதுவும் நம் கண்ணில் படாது. இன்றைய ‘பிளாக்’ பொத்தானுக்குப் பாட்டன். பூனைக் குழுவில் ஒரு பெண் இதைப் பயன்படுத்துங்கள் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். வம்பு அவர்மீது திரும்பியது, மிரட்டல்வரை போனது.

இப்படி வம்பிழுக்கும் ‘ட்ரோல்’களைக் கண்டுகொள்ளாதீர்கள், தீனி போடாதீர்கள் என்ற அறிவுரை அந்தக் காலத்திலிருந்தே வருகிறது. அதில் உண்மை இல்லாமலில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சகாக்களும் 2014இல் நான்கு தளங்களின் பின்னூட்டங்களை அலசினார்கள். செய்தித் தளங்களோடு, வீடியோ கேம் பிரியர்கள் கூடும் ஐஜிஎன், கொரிய பாப் இசை ரசிகர்கள் கூடும் ஆல்கேபாப் இரண்டும் அவற்றில் உண்டு. மற்றவர்கள் கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்டியதும் ஒருவர் அடங்கிவிடுவார் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. மட்டம்தட்டப்பட்டவர்கள் முன்னைவிட அடிக்கடி எழுதினார்கள். எழுத்தின் தரம் இறங்கியது. அடுத்தவர்களின் பதிவுகளுக்கும் கட்டைவிரலைக் கவிழ்க்க ஆரம்பித்தார்கள். குழுவை விட்டு விலகும் வாய்ப்பு அதிகம் இருந்தது யாருக்கு என்றால், எந்த எதிர்வினையும் கிடைக்காதவர்களுக்கு.

ஆக, மௌனம் பலிக்கும். ஆனால் பத்தாயிரம் பேர் இருக்கும் குழுவில் பத்தாயிரம் பேரும் சேர்ந்து மௌனமாக இருந்தால்தான் பலிக்கும். யாராவது ஒருவர் பதில் சொல்லாமல் இருக்க மாட்டார். அதோடு, வசை வாங்கியவரிடமே போய் ‘நீங்கள்தான் பொறுத்துப் போகவேண்டும்’ என்று சொல்வதில் ஒரு அநியாயம் இருக்கிறது. அட்மினுக்கு வசதியான அறிவுரை அது.

சரி, வம்பிழுப்பவர் யார்? கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரின் பக்கெல்ஸும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, ட்ரோல் செய்வதை ரசிப்பவர்களிடம் பிறர் துன்பத்தில் இன்பம் காணும் குணம் தூக்கலாக இருப்பதைக் காட்டியது. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள்தான். எல்லா வம்பும் அவர்கள் கணக்கா என்பதே கேள்வி.

2017இல் ஜஸ்டின் செங் தலைமையில் ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 667 பேர். முதலில் ஒரு சிறு தேர்வு. பாதிப் பேருக்கு எளிய கேள்விகள். மீதிப் பேருக்குத் திணறவைக்கும் கேள்விகள், போதாக்குறைக்கு ‘சராசரிக்கும் கீழே’ என்ற முடிவு. அந்த மனநிலையோடு ஒரு அரசியல் கட்டுரையைப் படித்துக் கருத்து எழுதச் சொன்னார்கள். கட்டுரைக்குக் கீழே ஏற்கெனவே மூன்று கருத்துகள் இருக்கும்: சிலருக்குச் சாதாரணமானவை, சிலருக்கு வம்பானவை. நல்ல மனநிலையில், நல்ல கருத்துகளைப் பார்த்தவர்கள் எழுதியவற்றிலேயே 35 சதவீதம் வம்பு ரகம். எரிச்சலோடு வந்து வம்பையும் பார்த்தவர்களிடம் அது 68 சதவீதம். இரண்டில் ஒன்று மட்டும் வாய்த்தவர்களிடம் ஏறக்குறையப் பாதி.

இது போதாதென்று சிஎன்என் தளத்தின் ஒரு கோடியே அறுபது லட்சம் பின்னூட்டங்களையும் ஆராய்ந்தார்கள். பின்னிரவில் வம்பு கூடியது; வாரத் தொடக்கத்திலும் கூடியது. ஒருவர் இதற்குமுன் வம்பு செய்திருக்கிறாரா என்பதைவிட, இப்போதைய மனநிலையும் நடக்கும் பேச்சின் போக்கும் சேர்ந்துதான் அடுத்த வம்பை நன்றாகக் கணித்தன. முதல் மூன்று கருத்துகளே பந்திக்கு இலை போட்டுவிடுகின்றன. பின்னால் வருபவர் அதில் உட்கார்ந்துகொள்கிறார்.

‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ விளையாட்டை நடத்தும் ரயட் கேம்ஸ் நிறுவனமும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. மாதம் 6.7 கோடிப் பேர் ஆடிய விளையாட்டு, வசவுக்கும் பேர்போனது. நரம்பியல் படித்த ஜெஃப்ரி லின் என்பவரை வைத்து உரையாடல்களை அலசினார்கள். எப்போதும் வம்பு செய்பவர்கள் 1 சதவீதம்தான். மொத்த வம்பில் அவர்கள் பங்கு சுமார் 5 சதவீதம். அந்த ஒரு சதவீதத்தைத் தேடிப் பிடித்துத் துரத்தினாலும் தொண்ணூற்றைந்து பங்கு அப்படியே கிடக்கும். மீதியில் பெரும்பங்கு அன்றைக்கு நாள் சரியில்லாத சாதாரண ஆட்களின் கைவரிசை.

அதனால் ஆட்களை விட்டுவிட்டு அமைப்பில் கைவைத்தார்கள். எதிரணியோடு பேசும் வசதியை அணைத்துவைத்தார்கள். வேண்டுமென்றால் அவரவரே இயக்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான் மாற்றம். வசை 32 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது, நல்ல பேச்சு ஏறக்குறைய 35 சதவீதம் கூடியது. பேச்சின் மொத்த அளவோ குறையவில்லை. தடைவிதிக்கும்போது, ‘நீங்கள் எழுதியது இதுதான்’ என்று காரணத்தையும் சேர்த்து அனுப்பியபோது, திரும்பி வந்தவர்கள் அதே வம்பைச் செய்வதும் குறைந்தது. காரணம் சொல்லாமல் தூக்கி எறிகிற அட்மின்கள் கவனிக்கவேண்டிய இடம்.

முகமூடியைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. 2010 ஜூலையில் பிளிசார்ட் நிறுவனம், தன் விளையாட்டுகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் உண்மைப் பெயரில்தான் எழுதவேண்டும் என்றது. இதில் ஆபத்தில்லை என்று காட்ட ஊழியர் ஒருவர் தன் பெயரை வெளியிட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய சொந்த விவரங்களையெல்லாம் ரசிகர்கள் தோண்டி எடுத்துக் கடைபரப்பினார்கள். மூன்றே நாளில் திட்டம் கைவிடப்பட்டது. 2007இல் பெரிய தளங்களில் அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய தென்கொரியாவிலும் வசை அடங்கவில்லை. 2012இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ரெட்டிட் தளத்தின் அறிவியல் குழுவில் நடந்தது. பெரிய சாமர்த்தியம் எதுவும் இல்லாத சோதனை என்பதாலேயே பிடித்திருக்கிறது. ஒரு கோடிக்கும் மேல் உறுப்பினர்கள் கொண்ட அந்தக் குழுவில், ஆய்வாளர் ஜே. நேதன் மத்தாயஸ் 2,190 உரையாடல்களை எடுத்துக்கொண்டார். குலுக்கல் முறையில் சிலவற்றின் தலையில் மட்டும் ஒரு சிறு அறிவிப்பு: நகைச்சுவை, மீம், வசை, தலைப்புக்குச் சம்பந்தமில்லாத பேச்சு நீக்கப்படும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடரேட்டர்கள் கண்ணியமான உரையாடலை வரவேற்கிறார்கள். 2019இல் வெளியான முடிவுகளின்படி, அறிவிப்பு இருந்த இடங்களில் விதியை மதித்த புதியவர்களின் விகிதம் 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. அதைவிட ஆச்சரியம், பேச முன்வந்த புதியவர்களின் எண்ணிக்கை சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. அடி விழுமோ என்று ஒதுங்கி நின்றவர்கள் உள்ளே வந்தார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். விதிகள் அந்தக் குழுவில் முன்பும் இருந்தன, திரையின் ஓரத்தில். நாம் சேர்ந்திருக்கும் இணையக் குழுக்களிலும் இருக்கின்றன, அட்மினைத் தவிர யாரும் தட்டிப் பார்க்காத ‘குழுவைப் பற்றி’ பக்கத்தில்.